எலிசபெத்துக்கு எத்தனை பரப்பு?

போனில் காதல் நாவல் எழுதுகிற எங்கட பெண்களைப் பற்றி இரண்டு வசனம்தான் திரும்பத் திரும்பக் காதில் விழும். ஒன்று, "உதெல்லாம் ஒரு இலக்கியமோ?" மற்றது, "உது எங்கயோ இருந்து அடிச்ச கதை." முதலாவதுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க விருப்பமில்லை. எது இலக்கியம் என்ற சண்டை எங்கட ஊரில் ஐம்பதுகளில் இருந்து நடக்குது, இன்னும் கொஞ்சக் காலம் நடக்கட்டும். ஆனால் "அடிச்ச கதை" என்ற குற்றச்சாட்டு வேறு மாதிரி. அதைச் சொல்லுகிற ஆக்களுக்கு ஈழத்து நாவலின் பிறப்புப் பத்திரம் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

1891இல் திருகோணமலையில் இருந்து ச. இன்னாசித்தம்பி ஒரு புத்தகம் வெளியிட்டார். பெயர் 'ஊசோன் பாலந்தை கதை'. ஊசோன் ஆர், பாலந்தை ஆர் என்று யோசிக்கவே வேண்டாம். ஐரோப்பாவில் நானூறு வருசமாகச் சுற்றிக்கொண்டிருந்த ஓர்சன், வலன்ரைன் என்ற இரட்டைப் பிள்ளைகள்தான் அவை. ஒரு பிள்ளை காட்டில் கரடியிடம் வளருது, மற்றது அரண்மனையில் வளருது. பிறகு சண்டை, சந்திப்பு, காதல், அடையாளம் காணல். முழுக்க முழுக்கப் பழைய பிரெஞ்சு வீரக்காதல் கதை. அதை எடுத்துத் தமிழில் பெயரை மாற்றிப் போட்டவர், ஈழத்தின் முதல் நாவலாசிரியர்களில் ஒருவராக இண்டைக்கும் எண்ணப்படுகிறார். 1885இல் வந்த சித்திலெவ்வையின் 'அசன்பேயுடைய சரித்திரம்' முதலாவதா, இது நாவலா இல்லையா என்று விமர்சகர்கள் பிடிபடுவார்கள். பிடிபடட்டும். "அடிச்ச கதை" என்று ஆரும் இன்னாசித்தம்பியைப் பட்டியலில் இருந்து வெட்டவில்லை என்பதுதான் இங்கே முக்கியம்.

அக்கரையிலும் அதே கதைதான். தனித்தமிழுக்காக வாழ்நாளைக் கொடுத்த மறைமலையடிகள் 1911இல் எழுதிய 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி', லண்டனில் மலிவுக் கதை எழுதிக் குவித்த ரெயினோல்ட்ஸின் 'லைலா'வைத் தழுவியது. சொல்லில் ஒரு வடமொழி எழுத்தும் வரக்கூடாது என்று நின்ற மனிசன், கதையை மட்டும் தயங்காமல் வெளியில் இருந்து எடுத்தார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அவரில் பிடித்த விசயங்களில் இதுவும் ஒன்று.

ஜேன் ஒஸ்ரினும் வெறும் தாளில் தொடங்கியவர் அல்ல. அவரின் 'நோதாங்கர் அபி' முழுவதும் ஆன் ராட்கிளிஃப்பின் 1794ஆம் ஆண்டுப் பேய்மாளிகைக் காதல் நாவலோடு விளையாடுவதுதான். 'பெருமையும் தப்பெண்ணமும்' என்ற தலைப்பையே அவருக்கு முன்னால் எழுதிய ஃபானி பேர்னியின் 'சிசிலியா'வில் வரும் சொற்றொடரில் இருந்து எடுத்தார் என்றுதான் பலரும் சொல்லுகினம். பிறகு ஒஸ்ரினில் இருந்து எடுத்தவர்களை எண்ணி முடியாது. 1996இல் பிரிட்ஜெற் ஜோன்ஸ், 2000இல் எங்களுக்கு 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்'. அந்தப் படத்தை எத்தனை தரம் பார்த்திருப்போம். அது 1811இல் ஒரு இங்கிலாந்துப் பாதிரியாரின் மகள் எழுதிய அக்கா தங்கச்சி கதை என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்கட தீவுக்குள்ளேயே ஒஸ்ரினோடு வாழ்நாளைக் கழித்த ஒருவர் இருந்தார். யஸ்மின் குணரட்ண. 1935இல் பிறந்து, பேராதனையில் படித்து, கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் எடுத்து, திரும்பி வந்து பேராதனையில் படிப்பித்து, எழுபதுகளின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவுக்குப் போனவர். 1970இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் ஒஸ்ரினைப் பற்றிய இவரின் ஆய்வுநூலை வெளியிட்டது. நாவல் எழுதத் தொடங்கினது பிந்தித்தான். முதல் நாவல் 1991இல் வந்தது. 2006இல் வந்த 'தி ஸ்வீற் அன்ட் சிம்பிள் கைன்ட்' லதா, சுனாமி என்ற இரண்டு ஒன்றுவிட்ட சகோதரிகளின் கதை. சுதந்திரத்துக்குப் பின்னான இலங்கை, அரசியல் குடும்பம், பேராதனை வளாகம், மொழியை வைத்து நாடு உடையத் தொடங்கும் காலம். 2024 பெப்ரவரியில் காலமானார். எங்கட பக்கத்தில் அதிகம் பேர் அதைக் கவனிக்கவில்லை.

அந்த நாவலில் டார்சி சரம் கட்டிக்கொண்டு வரமாட்டார். ஒஸ்ரினின் கதைச் சம்பவங்களை யஸ்மின் அப்படியே இறக்கி வைக்கவில்லை. அவர் எடுத்தது காது. சாப்பாட்டு மேசையில் பெரியவர்கள் சிரித்துக்கொண்டு சொல்லும் ஒரு வசனத்துக்குள் எவ்வளவு காணி, எவ்வளவு சாதி, எவ்வளவு பயம் இருக்குது என்று கேட்கிற காது. தழுவல் என்றால் இதுதான் என்று எனக்குப் படுகுது. சட்டையை வாங்கிப் போடுகிறது ஒன்று, தையலைப் படித்துக்கொண்டு வருகிறது இன்னொன்று.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேணும். யஸ்மின் கொழும்பு மேல்தட்டு, பண்டாரநாயக்க குடும்பத்து உறவு, பல்கலைக்கழகச் சம்பளம், ஆங்கிலம். பிள்ளையைப் படுக்கப் போட்டுவிட்டு, இரவு பதினொரு மணிக்குப் போனில் ஒற்றைப் பெருவிரலால் அத்தியாயம் ரைப் பண்ணுகிற பெண்ணின் வாழ்க்கை அது இல்லை. புனைபெயர் ஏன் என்று கேட்டால், "மாமிக்குத் தெரிஞ்சா வில்லங்கம்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு ஒஸ்ரினுக்குத்தான் கிட்ட. அவரின் முதல் நாவலின் முகப்பில் பெயர் இல்லை, "ஒரு சீமாட்டி எழுதியது" என்று மட்டும்தான் இருந்தது. 'பெருமையும் தப்பெண்ணமும்' நாவலின் உரிமையைப் பதிப்பாளருக்கு 110 பவுணுக்கு விற்றார். அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் உழைத்த காசில் அவருக்கு ஒன்றும் இல்லை.

சரி, இனி என்ர பிரதான முறைப்பாடு. எங்கட பெண்கள் தழுவுகிறார்கள் என்பது இல்லை. தழுவியதை வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள் இல்லை.

ஒஸ்ரினின் உலகம் யாழ்ப்பாணத்துக்குப் பொருந்துகிற மாதிரி வேறு எந்த ஊருக்கும் பொருந்தாது. பென்னற் குடும்பத்தை ஒருக்கா உரும்பிராயில் இருத்திப் பாருங்கோ. ஐந்து குமர். தகப்பன் புத்தகத்தோடு அறைக்குள். தாய் விடிஞ்சால் பொழுதுபட்டால் "எப்பிடிக் கரைசேர்க்கப் போறன்" என்று நெஞ்சைப் பிடிக்கிறா. ஒரு எழுத்தை மாற்றத் தேவையில்லை.

ஆனால் கணக்கு மாறும், அதுதான் சுவை. ஒஸ்ரினின் கதையில் பிரச்சினை எங்கே தொடங்குது? அந்தக் காணி ஆண்வழிக்குத்தான் போகும். தகப்பன் கண்ணை மூடினால் வீடு சொந்தக்காரன் கொலின்ஸுக்கு, பெண்கள் தெருவுக்கு. எங்கட தேசவழமை அப்படி இல்லை. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் போடுவித்த அந்தச் சட்டத்தில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்து மூன்று வகை. வளவும் வீடும் மகளுக்குச் சீதனமாய்ப் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். ஆக உரும்பிராய் எலிசபெத்துக்குக் கொலின்ஸால் ஆபத்து இல்லை. அவவுக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்குது. பத்துப் பரப்பு வளவை ஐந்தாய்ப் பிரித்தால் ஆளுக்கு இரண்டு பரப்பு. மூத்தவள் ஜேனுக்குக் கல்வீட்டோடு எழுதினால் கடைசிக்காரி லிடியாவுக்குப் பின்பக்கத்துப் பனைதான். சீதனம் வாங்கிக்கொண்டு போனவள் பிறகு தாய் தகப்பனின் மிச்சத்தில் பங்கு கேட்கேலாது என்பதும் அந்த வழமைதான். உறுதி அவளின் பெயரில் இருக்கும். ஆனால் புருசன் எழுத்தில் சம்மதிக்காமல் அந்தக் காணியை விற்கேலாமல் இருந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொன்னது. "பெண்ணுக்குச் சொத்து இருக்கிற சமூகம்" என்று மேடையில் பெருமை பேசுகிறவர்கள் இந்தக் கடைசி வரியை வாசிக்கிறதில்லை.

இன்னும் பெரிய விசயம், அந்த வீட்டில் ஆம்பிளைப் பிள்ளை இல்லை. இங்கிலாந்தில் அது காணிப் பிரச்சினை. இங்கே அது கப்பல் பிரச்சினை. ஐந்து குமர் உள்ள வீட்டில் ஒரு அண்ணன் இருந்தால் அவன் கட்டாருக்கோ சுவிசுக்கோ போய், தலைமயிர் கொட்டும் வரைக்கும் தனக்குக் கலியாணம் பேசாமல் ஒவ்வொருத்தியாய்க் கரைசேர்ப்பான். அந்த அண்ணனின் காதல் கதையை இன்னும் ஒருவரும் எழுதவில்லை என்பது என்ர நீண்டநாள் ஆதங்கம். ஒஸ்ரினில் அவன் இல்லை, ஏனென்றால் அங்கே அவன் தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்துத் தழுவலில் அவன் வந்தே ஆக வேணும்.

லிடியா விக்கமோடு ஓடுகிற இடத்துக்கு வாருங்கோ. டார்சி என்ன செய்கிறார்? விக்கமின் கடனை அடைத்து, மேலால் காசும் கொடுத்துத் தாலியைக் கட்ட வைக்கிறார். அங்கே அது கதாநாயகனின் பெருந்தன்மை. எங்கட ஊரில் மாப்பிள்ளை வீட்டுக்குக் கையில் கொடுக்கிற காசுக்குப் பெயர் இருக்குது: டொனேசன். ஒஸ்ரினை முதல்தரம் வாசித்தபோது இந்த இடத்தில் எனக்குச் சத்தமாய்ச் சிரிப்பு வந்தது. லேடி கதரினுக்கு வண்டி பூட்டி வரத் தேவையில்லை, லண்டனில் இருந்து வட்ஸ்அப் வீடியோவில் வருவா. "குறிப்புப் பாத்தனீங்களே? ஆக்கள் ஆரெண்டு விசாரிச்சனீங்களே?"

அந்த "ஆக்கள் ஆர்" என்ற கேள்விதான் எங்கட காதல் நாவல்கள் தொடப் பயப்படுகிற இடம். இடைக்காடர் 1925இல் எழுதிய நாவலின் தலைப்பே 'நீலகண்டன் ஓர் சாதி வேளாளன்'. அந்தத் தலைப்பை எந்த நோக்கில் வைத்தாலும், நூறு வருசத்துக்கு முன்னர் ஒரு கதைக்காரருக்குச் சாதியைத் தலைப்பில் போடக் கூச்சம் இருக்கவில்லை. இண்டைக்குச் சாதி பார்க்காத குடும்பம் என்று சொல்லிக்கொண்டே பத்திரிகை விளம்பரத்தில் சாதியைப் போடுகிறோம்; கதையில் மட்டும் நாயகனும் நாயகியும் எந்தச் சாதியும் இல்லாமல் மழையில் நனைகிறார்கள்.

நான் வாசித்த அளவில், எங்கட பக்கத்துப் பெண்கள் எழுதுகிற தொடர்களில் பாதிக்கு மேல் கோயம்புத்தூரிலும் சென்னையிலும்தான் நடக்குது. நாயகன் கம்பெனி எம்.டி. அவனுக்குக் கோபம் மூக்கு நுனியில். நாயகி "என்னங்க" என்கிறாள். தெல்லிப்பழையில் இருந்து எழுதுகிற பிள்ளை வாழ்க்கையில் ஒருநாளும் ஒருத்தரையும் "என்னங்க" என்று கூப்பிட்டிருக்கமாட்டாள். கேட்டால் காரணம் தெளிவாகச் சொல்லுவினம்: வாசகர் அங்கேதான், விளங்காட்டில் விட்டுட்டுப் போயிடுவினம், வாசிக்கிற எண்ணிக்கையில்தான் சல்லியும் வரும். இதைக் கேட்டு "தன்மானம் இல்லையோ" என்று குதிக்க நான் தயாரில்லை. சல்லி முக்கியம். மின்சார பில் இலட்சியத்தைப் பார்த்து வருகிறதில்லை.

இதுக்கு வேர் எங்கே என்றும் தெரியும். எங்கட அம்மாமாரின் தலைமுறை தொண்ணூறுகளில், மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் ரமணிசந்திரனை வாசித்தது. அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் இல்லாமல், கை மாறி மாறி வந்த புத்தகங்கள். வெளியில் செல் விழுது. உள்ளே ஒரு பணக்காரன் ஒரு பெண்ணைத் தப்பாய் விளங்கிக்கொண்டு இருநூறாம் பக்கத்தில் மன்னிப்புக் கேட்கிறான். மன்னிப்புக் கேட்கிற ஆம்பிளையை அந்தக் காலத்தில் வேறு எங்கே காணலாம்? அதை வாசித்தவர்களை நக்கலடிக்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ஆனால் ஈழத்துக் காதல் நாவலுக்கு ஈழத்து வாசகர் எப்பவுமே இல்லை என்பது பொய். எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகள் வருவதைக் கட்டுப்படுத்தினார்கள். அந்த இடைவெளியில் வீரகேசரிப் பிரசுரங்கள் மலிவு விலையில் இறங்கின. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் வந்தது. வன்னிக் காட்டோரம், பதஞ்சலி என்ற பெண், ஒரு வாத்தியார், ஒரு தவறிய கணம். அதே வருசம் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று', நெடுந்தீவில் நடக்கிற காதல். 1978இல் படமாகவும் வந்தது. திருகோணமலையில் இருந்து ந. பாலேஸ்வரி 'பூஜைக்கு வந்த மலர்' எழுதினார். இவற்றில் சனம் எங்கட தமிழில்தான் கதைத்தது, சனமும் காசு கொடுத்து வாங்கியது. 1977க்குப் பிறகு கதவு திறந்தது, பிறகு யுத்தம் வந்தது, அந்தச் சந்தை குலைந்தது. அதாவது, மொழி தோற்கவில்லை. கடை பூட்டுப்பட்டது.

இண்டைக்குக் கடை போனுக்குள் இருக்குது, ரொறன்ரோவிலும் பாரிசிலும் எங்கட தமிழுக்காக ஏங்குகிற வாசகர் இருக்கினம். அவர்களை ஆரும் குறிவைத்து எழுதுகிறதாகத் தெரியவில்லை. "அங்க விளங்காது" என்பதும் எனக்கு முழுதாய்ச் செரிக்கவில்லை. நாங்கள் மதுரைத் தமிழும் கொங்குத் தமிழும் கதையில் வாசித்துத்தானே பழகினோம்? ஒரு பக்கத்துக்குத் தடக்கும், இரண்டாம் பக்கத்தில் பழகிப்போகும்.

இன்னொரு விசயம், இது கொஞ்சம் கடுமையாய் இருக்கும். கட்டாயத் தாலி கட்டுகிற, கையை முறுக்குகிற, அடைத்து வைக்கிற நாயகனைக் கடைசியில் நாயகி காதலிக்கிற கதைகள் இப்ப நிறைய. எழுதுகிறவர்களுக்குத் தெரிந்தோ தெரியாமலோ, அது 1740இல் ரிச்சர்ட்சன் எழுதிய 'பமீலா'. வேலைக்காரப் பெண்ணை எசமான் துரத்துவான், அடைத்து வைப்பான், அவள் கற்போடு தாங்குவாள், பரிசாக அவனையே கட்டுவாள். கிட்டத்தட்ட முந்நூறு வருசப் பழைய கதையை நாங்கள் "அன்ரி ஹீரோ" என்று புதுசாய் விற்கிறோம். பழைய கதையை எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் எடுத்தால் அதோடு ஒரு வாய்ச்சண்டையாவது போட வேணும். ஜீன் ரைஸ் 1966இல் செய்தது அதுதான். 'ஜேன் எயர்' நாவலில் மேல்மாடியில் பைத்தியம் என்று பூட்டி வைத்த மனைவியை வெளியில் எடுத்து, அவளின் கதையைச் சொன்னார். அதுக்குப் பிறகு ரொச்செஸ்ரரைப் பழைய மாதிரிப் பார்க்க ஏலாமல் போனது.

எங்களிடம் அப்படி வாய்ச்சண்டை போட வேண்டிய பழைய நாவல்கள் இல்லையா? மங்களநாயகம் தம்பையா 1914இல் எழுதிய 'நொறுங்குண்ட இருதயம்' இருக்குது. கண்மணி என்ற பெண் அருளப்பன் என்ற புருசனிடம் பட்ட பாடு. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துக்குள் இருந்து, ஒரு பெண்ணே எழுதியது. பொறுமைதான் அந்தக் கண்மணியின் பெருமை. 2020களின் ஒரு கண்மணி எந்த அத்தியாயத்தில் பையை அடுக்குவாள்? பதஞ்சலியின் வாயால் 'நிலக்கிளி'யை ஒருத்தி சொன்னால், அந்த வாத்தியார் எப்படித் தெரிவார்? சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' 1895இல் வந்த சரித்திரக் காதல். அதை எழுதியவர் 1892இலேயே 'தத்தைவிடு தூது' என்று பெண்விடுதலை பாடியவர். அந்த மனிசனின் இளவரசிக்கு இண்டைக்கு ஒரு மறுபிறப்புக் கொடுக்கலாம். பழைய ஈழத்து நாவல்கள் கொஞ்சம் 'நூலகம்' எண்ணிமத் தளத்தில் இலவசமாய்க் கிடக்குது. எம்.டி. நாயகர்களுக்குச் செலவழிக்கிற நேரத்தில் கால்வாசி போதும்.

அதுவரைக்கும் நான் காத்திருக்கிறது சார்லொற் லூக்காசின் அத்தியாயத்துக்கு. ஒஸ்ரினில் அவவுக்கு 27 வயது, வடிவு குறைவு, கொலின்ஸைக் காதலிக்கவில்லை, ஆனால் ஓம் என்று சொல்லுகிறா. எங்கட சார்லொற்றுக்கு 33 வயது, செவ்வாய் குற்றம், ஏ.எல். வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறா. கொலின்ஸுக்குப் பி.ஆர். இருக்குது. ஊரில் ஒருவரும் அவவைக் குறை சொல்லமாட்டினம், எலிசபெத்தைத் தவிர. ஒஸ்ரினின் சார்லொற் கலியாணம் கட்டிப்போன வீட்டில் தனக்கென்று பின்பக்க அறையை இருக்கைக்கு எடுத்தா. றோட்டைப் பார்க்கிற நல்ல அறை கொலின்ஸுக்கு, அப்போதுதான் மனிசன் அடிக்கடி இந்தப் பக்கம் வரமாட்டார். எங்கட ஆள் போய் இறங்குகிறது ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற்றில். அங்கே ஒரே ஒரு அறை, கொலின்ஸ் இரவு வேலை முடிந்து காலையில் வந்து படுப்பார். அவ எந்த மூலையைத் தனக்கு எடுப்பா?